பள்ளிக்கூடத்துப் பாதை – 7: மலாக்காவில் ஒரு பேரம்

முன்கதை

சென்ற ஆறு வாரம் நடந்து வந்த தூரத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிடுவோம்.

1896-ல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் என்ற சீன வணிகர் ரப்பர் கன்று நட்டார். மலாயாவில் ரப்பரை வணிகப் பயிராக்கிய முதல் தோட்டம் அதுதான். அடுத்து அவர் கால் வைத்தது புக்கிட் அசஹானில். கன்று மரமாகிப் பால் கண்டதும் ஆள் தேவைப்பட்டது. தேவைப்பட்ட ஆளைக் கங்காணி கப்பலேற்றிக் கொண்டுவந்தார். லயங்கள் எழுந்தன. லயத்தில் தொட்டில்கள் ஆடின.

தொட்டிலை விட்டு இறங்கிய பிள்ளைகளை என்ன செய்வது? 1912-ல் கூட்டு மலாய் நாடுகளின் தொழிலாளர் சட்டம் ஒரு விதி வகுத்தது. பள்ளி வயதில் 10 பிள்ளைகள் இருந்தால், அந்தத் தோட்டத்து நிர்வாகம் பள்ளிக்கூடம் நடத்த வேண்டும். நீரிணைக் குடியேற்றமாக இருந்த மலாக்காவின் தோட்டங்களிலும் கொட்டகைப் பள்ளிகள் முளைத்தன. ஒரு கொட்டகை, ஒரு வாத்தியார், ஒரே அறையில் நாலைந்து வகுப்பு.

1951-ல் பார்ன்ஸ் குழு வந்தது. மலாயும் ஆங்கிலமும் நடக்கும் தேசியப் பள்ளி ஒன்றே போதும், இனவாரிப் பள்ளிகள் காலப்போக்கில் அதற்குள் கரைய வேண்டும் என்றது. சீனர் தரப்புக்கு ஃபென்–வூ அறிக்கை துணை நின்றது. 1952-ன் கல்விச் சட்டம் பார்ன்ஸ் பக்கமே சாய்ந்தது. அதை நடத்திக் காட்ட அரசிடம் பணமில்லை. கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான காட்டுப் போர் கஜானாவைத் தின்றுகொண்டிருந்தது. 1954-ல் வந்த வெள்ளை அறிக்கை குறுக்கு வழி ஒன்றைச் சொன்னது: புதிய பள்ளி கட்ட முடியாவிட்டால், இருக்கும் சீன, தமிழ்ப் பள்ளிகளுக்குள்ளேயே தேசிய வகுப்புகளை நுழைத்துவிடலாம்.

அங்கேதான் சென்ற வாரம் நிறுத்தினோம். வீட்டுக்குள்ளேயே வேறொரு வீடு கட்ட வருகிறார்கள். தடுப்பது யார்?

புதன்கிழமை

1955 ஜனவரி 12. பொங்கலுக்கு ஓரிரு நாளே இருந்தது.

மலாக்காத் தோட்டங்களில் வழக்கம்போல் இருட்டோடு பெரட்டு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்பு, முடிந்திருக்கும். பால்வெட்டுக்குப் போனவர்கள் நிரைக்குள் நுழைந்திருப்பார்கள். பள்ளி ஆண்டு தொடங்கிச் சில நாள்தான் ஆகியிருந்தது. ஒன்றாம் வகுப்புக்குப் புதிதாக வந்த பிள்ளைகள் கொட்டகையில் ‘அ’னாவுக்குச் சுழி போட்டுக்கொண்டிருந்த நேரம்.

அன்று மலாக்காவில் சர் டான் செங் லோக்கின் இல்லத்துக்கு விருந்தினர் வந்தார்கள்.

மலாக்காவை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்கு எளிய விடை, அழைத்தவரின் ஊர் அதுதான் என்பது. இன்னொன்றும் உண்டு. காட்டுப் போரால் நாடெங்கும் அவசரகாலம் நடந்தாலும், 1953 செப்டம்பரிலேயே மலாக்காவின் ஒரு பகுதி ‘வெள்ளைப் பகுதி’யாக அறிவிக்கப்பட்டிருந்தது. ஊரடங்கும் உணவுக் கட்டுப்பாடும் முதலில் தளர்ந்த இடம் அது. மூச்சுவிட்டுப் பேச முடிந்த ஊர்.

வந்தவர்களில் ஒருவர் மலாய்க்காரர் கட்சியான அம்னோவின் தலைவர் துங்கு அப்துல் ரஹ்மான். இன்னொருவர் ஐக்கிய சீனப் பள்ளி ஆசிரியர் சங்கத்தின் தலைவர் லிம் லியான் கியோக், கோலாலம்பூரில் கன்பூசியஸ் பள்ளியில் பாடம் சொன்ன ஆசிரியர். அவரவருடன் அவரவர் அணி. நடுவில் சீனர் கட்சியான ம.சீ.ச.வின் தலைவரான வீட்டுக்காரர்.

மூவரும் மூன்று கணக்கு வைத்திருந்தார்கள்.

மூன்று கணக்கு

துங்குவின் கணக்கு தேர்தல். ஜூலையில் நாட்டின் முதல் பொதுத் தேர்தல். மூன்று இனமும் சேர்ந்து ஆள முடியும் என்று காட்டினால்தான் வெள்ளைக்காரன் சாவியைக் கொடுப்பான். எதிரே நின்றவர் லேசுப்பட்டவரல்லர். அம்னோவை நிறுவி, அதை விட்டு வெளியேறி, நெகாரா கட்சி தொடங்கிய டத்தோ ஓன் ஜாஃபார். சீன மொழியையும் ஆட்சிமொழியாக்கு என்ற குரல் தேர்தல் நேரத்தில் ஓங்கினால், மலாய் வாக்குகள் டத்தோ ஓன் பக்கம் ஓடிவிடும் என்பது துங்குவின் கவலை.

லிம் லியான் கியோக்கின் கணக்கு பள்ளி. 1952-ன் சட்டம் இருக்கும்வரை சீனப் பள்ளியின் கழுத்தில் கத்தி. ஆட்சிமொழிக் கோரிக்கை அவர் கையில் இருந்த ஆயுதம். அதைக் கீழே வைக்க வேண்டுமானால் பதிலுக்கு ஏதாவது கிடைக்க வேண்டும்.

மூன்றாமவர்தான் விசித்திரமானவர். டான் செங் லோக் 1883-ல் மலாக்காவில் பிறந்த பாபா சீனர். ஆங்கிலத்தில் படித்து, சிங்கப்பூர் ராஃபிள்ஸ் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். சீன எழுத்துப் படிக்கத் தெரியாதவர். அப்படிப்பட்டவர் சீனப் பள்ளிக்காக வீட்டைத் திறந்துவைத்தார்.

நம் கதைக்கு இன்னொரு செய்தியும் வேண்டும். ஆசிரியர் வேலையை விட்டபின் அவர் போய்ச் சேர்ந்தது மலாக்காவின் புக்கிட் காஜாங் ரப்பர் தோட்டத்துக்கு, உதவி நிர்வாகியாக. பிறகு சொந்தமாக ரப்பர் நிறுவனங்களை எழுப்பினார். லயம் எப்படி இருக்கும், பெரட்டு எப்படி நடக்கும் என்பதெல்லாம் அவருக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

கைகுலுக்கல்

பேச்சின் பொருள் சீனக் கல்வி.

முடிவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தேர்தல் முடியும்வரை ஆட்சிமொழிக் கோரிக்கையை ஆசிரியர் சங்கம் எழுப்பாது. பதிலுக்கு, அம்னோவும் ம.சீ.ச.வும் இந்தியர் கட்சியான ம.இ.கா.வும் சேர்ந்த கூட்டணி ஆட்சிக்கு வந்தால் 1952-ன் கல்விச் சட்டத்தைத் திருத்தும். சீனப் பள்ளிகள் அழிக்கப்பட மாட்டா.

ஒரு தரப்பு வாயை மூடியது. மறுதரப்பு வாக்கைக் கொடுத்தது.

அந்த வாக்கு சில மாதங்களில் கூட்டணியின் தேர்தல் அறிக்கையில் ஏறியது. ஏறும்போது சிறிது அகன்றும் போனது. எந்த இனத்தின் பள்ளியையும் மொழியையும் பண்பாட்டையும் அழிக்காமல் ஊக்குவிப்போம் என்ற பொருளில் அது எழுதப்பட்டது. சீனப் பள்ளிக்கென்று தொடங்கிய வாக்கு, ‘எந்த இனத்தின்’ என்ற இரண்டு சொல்லால் தோட்டத்துக் கொட்டகையின் மேலும் கூரை போட்டது.

தமிழ்ப் பள்ளிக்குக் கிடைத்த முதல் அரசியல் உத்தரவாதம் இப்படி இன்னொருவர் வாதாடி வாங்கியதில் கிடைத்த பங்கு. கிடைத்ததை இகழ வேண்டாம். ஆனால் பங்காகக் கிடைத்தது பங்கின் அளவில்தான் இருக்கும். பின்னால் நடந்ததெல்லாம் இந்த ஒரு வரிக்குள் அடங்கும்.

நம் கையில் என்ன இருந்தது?

தமிழர்கள் ஏன் தாங்களே வாதாடவில்லை என்று இன்று கேட்பது எளிது. அன்றைய தராசைப் பார்ப்போம்.

1955 தேர்தலில் பதிவு பெற்ற வாக்காளர் ஏறத்தாழ 12.8 லட்சம். அதில் மலாய்க்காரர் சுமார் 84 விழுக்காடு, சீனர் சுமார் 11. இந்தியர் 5 விழுக்காடுகூட இல்லை. தோட்டத்தில் தலைமுறையாக மரம் சீவியவர்களில் பலரிடம் குடியுரிமைத் தாள் கிடையாது.

சீனருக்கும் வாக்கு குறைவுதான். ஆனால் அவர்களிடம் வேறு முதல் இருந்தது. பள்ளிக்குப் பள்ளி வாரியம், கட்டடத்துக்கு நன்கொடை தரும் வணிகர், நாடளாவிய ஆசிரியர் சங்கம். மலாக்காவிலேயே 1913 முதல் பேய் ஃபோங் பள்ளி இருந்தது. இடைநிலைக் கல்விவரை வளர்ந்த பள்ளி அது. சங்கத் தலைவர் மேசையில் உட்கார்ந்தபோது, பின்னால் ஒரு கல்வி அமைப்பே உட்கார்ந்திருந்தது.

தோட்டத்துப் பள்ளிக்கு முதலாளி தோட்டத்துத் துரை. நிலம் அவருடையது, கொட்டகை அவருடையது, வாத்தியாருக்குச் சம்பளம் போடுபவரும் அவர்தான். அரசு மானியம் வந்தாலும் அவர் கைவழியே வரும். துரை தயவில் இருக்கும் வாத்தியார் யாருடைய மேசையில் போய் உட்கார்வார்?

அரசியல் கட்சியின் நிலையும் அதுவே. ம.இ.கா. கூட்டணிக்குள் வந்தது 1954-ல். அதன் அன்றைய தலைவர் கே.எல். தேவாசர் பஞ்சாபி வழக்கறிஞர். தோட்டத் தமிழரிடம் அவருக்கு வேர் இல்லை. 1955-ல்தான் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ.தி. சம்பந்தன் தலைமைக்கு வந்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர், தோட்டத்து மேடையில் தமிழில் பேசக்கூடியவர். அவர் நாற்காலியில் அமர்வதற்குள் மலாக்காவில் கைகுலுக்கி முடித்துவிட்டார்கள்.

ஜூலை 27-ல் தேர்தல் நடந்தது. 52 இடங்களில் 51 கூட்டணிக்கு. அம்னோ 34, ம.சீ.ச. 15, ம.இ.கா. 2.

தமிழர் ஒன்றும் செய்யாமல் இருந்தார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். இதே காலத்தில்தான் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்தியவியல் துறையில் எந்த மொழிக்கு முதலிடம் என்ற சண்டை மூண்டது. சமஸ்கிருதத்துக்குத் தரலாம் என்ற பரிந்துரை கிளம்பியது. ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி எதிர்த்து நின்று, ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதி திரட்டினார். தலைக்கு ஒரு வெள்ளி. உழைப்பாளிகள் முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தார்கள். துறையில் தமிழ் வென்றது.

பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் கிடைத்தது. தோட்டத்தில் ஆறாம் வகுப்புவரை தமிழ் இருந்தது. இரண்டுக்கும் நடுவே ஏணி இல்லை.

லயத்தில் இரண்டு பேச்சு

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். கல்விக் கொள்கை என்றால் கோலாலம்பூர், லண்டன் என்றே நாம் நினைக்கிறோம். அந்தச் சண்டை வீட்டுத் திண்ணையிலும் நடந்தது.

மலாக்கா நகரத்தில் ஆங்கிலப் பள்ளிகளுக்குக் குறைவில்லை. 1826-ல் தொடங்கிய மலாக்கா உயர்நிலைப் பள்ளி, 1880-ல் தொடங்கிய செயின்ட் ஃபிரான்சிஸ் பள்ளி, கன்னியர் மடப் பள்ளிகள். தோட்டத்துக் கிராணியின் பிள்ளை அங்கே போகும். மரம் சீவுகிறவரின் பிள்ளை கொட்டகைக்குப் போகும். ஒரே தோட்டத்தில் ஒரே வயதுப் பிள்ளைகள், காலையில் இரண்டு திசையில் பிரிவார்கள்.

கிராணி தமிழ்ப் பற்றில்லாதவர், சீவுகிறவர் பற்றுள்ளவர் என்பதல்ல இதன் பொருள். ஒருவரிடம் கட்டணத்துக்கும் வண்டிச் செலவுக்கும் காசு இருந்தது, மற்றவரிடம் இல்லை. நாம் இன்று ‘பள்ளித் தேர்வு’ என்று சொல்கிறோமே, அன்று லயத்தில் அதைத் தீர்மானித்தவை மாதச் சம்பளமும் மண் சாலையின் நீளமும்தான்.

ஆகவே பேச்சும் இரண்டாகப் பிரிந்தது.

கொட்டகைப் பள்ளி பிள்ளையைத் தோட்டத்திலேயே கட்டிப்போடுகிறது என்றார்கள் ஒரு சாரார். எழுதப் படிக்கத் தெரிந்த பால்வெட்டுக்காரனை உருவாக்குவதுதான் அதன் வேலை. ஆறு ஆண்டு முடிந்ததும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை தாய்க்கு உதவியாக நிரைக்குத்தான் போகிறது. பொதுப் பள்ளி என்று ஒன்று வருமானால் வரட்டும். மலாய்ப் பிள்ளையோடும் சீனப் பிள்ளையோடும் உட்கார்ந்து படித்தால் இந்த நாட்டில் நாமும் ஒருவர் என்றாகும். இதை இனத்துரோகம் என்று தள்ளிவிட முடியாது. ரப்பர்க் காட்டை விட்டு வெளியேறத் துடித்த பெற்றோரின் பேச்சு அது.

மறுசாரார் கேட்டது வேறு. வீட்டில் தமிழ் மட்டும் கேட்டு வளர்ந்த ஏழு வயதுப் பிள்ளையை, தெரியாத மொழியில் முதல் பாடத்துக்கு உட்கார வைத்தால் அது என்ன கற்கும்? பள்ளியை விட்டு ஓடத்தான் கற்கும். மொழியை விட்டால் பிறகு எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது?

இந்தக் கேள்விக்கு மலாக்காவிலேயே ஒரு சாட்சி இருந்தது; இன்றும் இருக்கிறது. காஜா பெராங்கில் வாழும் மலாக்காச் செட்டிகள். மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வந்த வணிகரின் வழிவந்தவர்கள். 1781-ல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயில் அவர்களுடையது. திருநீறு பூசுவார்கள், பொங்கல் வைப்பார்கள், முன்னோருக்குப் படைப்பார்கள். வீட்டில் பேசுவது மலாய்.

செட்டிகளைக் காட்டி இரு சாராரும் வாதாடலாம். பார், மொழி போனாலும் சமயமும் மரபும் நிற்கின்றன என்பார் ஒருவர். பார், போன மொழி ஐந்நூறு ஆண்டாகியும் திரும்பவில்லை என்பார் இன்னொருவர். இரண்டும் உண்மை.

இந்தத் திண்ணைப் பேச்சு எதுவும் ஜனவரி 12-ன் மேசைக்குப் போய்ச் சேரவில்லை.

ரசாக்கின் பேனா

தேர்தல் முடிந்ததும் கல்வி அமைச்சராகப் பொறுப்பேற்றவர் டத்தோ அப்துல் ரசாக் ஹுசேன். வயது 33. செப்டம்பரில் அவர் தலைமையில் 15 பேர் கொண்ட குழு அமைந்தது. மலாக்காவில் கொடுத்த வாக்கை எழுத்தில் வடிக்கும் வேலை அவர்களுடையது.

அவர்கள் எழுதிக்கொண்டிருந்தபோதே மலாக்கா மீண்டும் ஒரு நாள் நாட்டின் கண்ணில் பட்டது. 1956 பிப்ரவரி 20. லண்டன் பேச்சை முடித்துத் திரும்பிய துங்கு, பண்டார் ஹிலிர் திடலில் கூட்டத்தின் முன் நின்று விடுதலை நாளை அறிவித்தார்: 1957 ஆகஸ்ட் 31.

மே மாதம் ரசாக் அறிக்கை வந்தது.

தோட்டத்துப் பள்ளிக்கு அதில் நல்ல செய்தி இருந்தது. தமிழ்வழி, சீனவழி, ஆங்கிலவழித் தொடக்கப் பள்ளிகள் நாட்டின் கல்வி அமைப்புக்குள்ளேயே இருக்கலாம். மலாய்வழிப் பள்ளிக்குப் பொதுப் பள்ளி என்று பெயர். மற்றவை பொதுப் பள்ளி வகை. வழிமொழி எதுவானாலும் பாடத்திட்டம் ஒன்று. மலாய் கட்டாயப் பாடம். ஆசிரியருக்கு நாடு முழுவதும் ஒரே வகைச் சம்பளத் திட்டம்.

கடைசி வரியை வாத்தியார்கள் எத்தனை முறை படித்திருப்பார்கள்! துரை கொடுத்தால் உண்டு என்றிருந்தவருக்கு அரசாங்கத்தின் சம்பள அட்டவணை.

பாடப் புத்தகத்துக்குள்ளும் ஒரு மாற்றம் வந்தது. அதுவரை தோட்டத்துப் பிள்ளை தமிழ்நாட்டிலிருந்து வந்த புத்தகத்தில் காவிரியையும் கங்கையையும் படித்தது. பொதுப் பாடத்திட்டம் மலாயாவை அதன் நாடாகக் காட்டியது.

அதே 1956 ஜூனில், கடலுக்கு அப்பால் இலங்கையில் சிங்களம் மட்டும் என்ற சட்டம் நிறைவேறியது. அங்கே கதவு சாத்தப்பட்டது. இங்கே பாதிக் கதவு திறந்திருந்தது. திறந்த பாதியை மலாயாத் தமிழர் நன்றியோடு பார்த்ததில் வியப்பில்லை.

சாத்தியிருந்த மறுபாதி எது?

12-ஆம் பத்தி

அறிக்கையின் 12-ஆம் பத்தியைச் சீனக் கல்விக்காரர்கள் சிவப்பு மையால் வட்டமிட்டார்கள். எல்லா இனத்துப் பிள்ளைகளையும் ஒரே தேசியக் கல்வி அமைப்பின் கீழ்க் கொண்டுவந்து, தேசிய மொழியை முதன்மைப் பயிற்றுமொழியாக்குவதே இறுதி நோக்கம் என்ற கருத்து அதில் இருந்தது.

இன்று நீ இருக்கலாம். என்றோ ஒரு நாள் போய்விடுவாய். பத்தியின் சாரம் இதுதான் என்று அவர்கள் படித்தார்கள்.

லிம் லியான் கியோக் போராடினார். மலாக்காவில் கொடுத்த வாக்கு நினைவூட்டப்பட்டது. 1957-ன் கல்விச் சட்டம் வெளிவந்தபோது ‘இறுதி நோக்கம்’ அதில் இல்லை. இனங்களின் மொழியையும் பண்பாட்டையும் பேணுவது என்ற வாசகம் இருந்தது.

இந்த முறையும் போராடியது ஒருவர், நிழல் கிடைத்தது இருவருக்கு.

ஆறாம் வகுப்புக்குப் பிறகு

ஆனால் நிழலுக்கு ஓர் எல்லை உண்டு.

சீனப் பள்ளிக்கு இடைநிலை இருந்தது. அரசு அமைப்பில் வைத்துக்கொள்வதா, வெளியே நிறுத்திச் சொந்தக் காசில் நடத்துவதா என்பதே அவர்கள் சிக்கல். தமிழ்ப் பள்ளிக்கு அந்தச் சிக்கலே எழவில்லை, இடைநிலையே இல்லாததால். ஒற்றை வாத்தியார் கொட்டகைகள் காட்டுக்குள் மைல் கணக்கில் சிதறிக் கிடந்தன. எதைச் சேர்த்து எங்கே உயர்நிலைப் பள்ளி கட்டுவது? யார் நிலத்தில்? யார் பணத்தில்? ரசாக் அறிக்கை இந்தக் கேள்வியைத் தீர்க்கவில்லை. தமிழ்வழிக் கல்வி ஆறாம் வகுப்போடு நின்றது.

அதற்குமேல் படிக்க நினைத்த பிள்ளை வேறு மொழிப் பள்ளிக்குப் போக வேண்டும். பின்னாளில் இடையே ஓராண்டுப் புகுமுக வகுப்பும் வந்தது. தேசியப் பள்ளியில் தமிழ் வேண்டுமானால், 15 பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் தாய்மொழி வகுப்பு நடத்தலாம் என்ற ஏற்பாடும் இருந்தது. தோட்டத்தில் 10 பேர் சேர்ந்தால் ஒரு பள்ளிக்கூடமே கிடைத்தது. பெரிய பள்ளியில் 15 பேர் சேர்ந்தால் ஒரு பாடவேளை.

மலாக்காப் பேரத்தின் முழு விலை இங்கேதான் தெரிகிறது. பள்ளியைக் காப்பாற்றிய வாக்கு, பள்ளிக்கு அப்பால் பாதை போட்டுத் தரவில்லை. ஆறாம் வகுப்பின் கடைசி நாளன்று பாதை முடிந்துவிடுகிறது என்று தெரிந்த பெற்றோர், முதல் நாளன்றே வேறு வாசலைப் பார்க்கத் தொடங்கினார்கள். தமிழ்ப் பள்ளியா தேசியப் பள்ளியா என்று இன்றும் வீட்டுக்கு வீடு நடக்கும் விவாதத்தின் விதை அந்த ஆண்டுகளில் விழுந்தது.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். அன்றைய தலைவர்கள் தமிழ்ப் பள்ளியை விற்றுவிட்டார்கள் என்பது நியாயமல்ல. கையில் இருந்த வலுவுக்கு மேலேயே அவர்கள் பெற்றார்கள். தவறு எங்கே என்றால், பெற்ற பிறகு. தேசிய அமைப்பில் ஒரு தமிழ் இடைநிலைப் பள்ளிக்குக்கூட வாசல் திறக்காமல் ஆறாம் வகுப்போடு நிறைவடைந்ததுதான் தவறு. சீனர் ஒவ்வொரு வாக்கையும் அடுத்த கோரிக்கைக்குப் படியாக்கினார்கள். நாம் படியிலேயே உட்கார்ந்துவிட்டோம்.

அடுத்து?

விடுதலை பெற்ற 1957-ல் மலாயாவில் இருந்த தமிழ்ப் பள்ளிகள் 888. படித்த பிள்ளைகள் 50,000-க்கும் மேல்.

சட்டம் பேணுவதாகச் சொன்னது. வாத்தியாருக்குச் சம்பளத் திட்டம் வந்தது. பாடப் புத்தகம் மாறியது. எல்லாம் சரியாகப் போவதாகவே தோன்றிய நேரத்தில், 1960-ல் ரஹ்மான் தாலிப் குழு ரசாக் அறிக்கையை மறுபடி எடுத்துப் பார்த்தது. 1961-ல் புதிய கல்விச் சட்டம் வந்தது. அதில் 21-ஆம் பிரிவின் 2-ஆம் உட்பிரிவு, தேசிய மாதிரித் தொடக்கப் பள்ளி (தமிழ், சீனப் பள்ளிகள் இந்த வகைதான்) எதையும், தக்க நேரம் என்று அமைச்சர் கருதினால், தேசியப் பள்ளியாக மாற்றலாம் என்றது. விரட்டியனுப்பிய 12-ஆம் பத்தி வேறு சட்டை போட்டுக்கொண்டு திரும்பியிருந்தது.

மலாக்கா மேசையில் உட்கார்ந்திருந்த லிம் லியான் கியோக் அதை எதிர்த்தார். ஆசிரியர் பணிக்கான அனுமதியை இழந்தார், கடைசியில் குடியுரிமையையும் இழந்தார். அந்தக் கதை அடுத்த வாரம்.

அதைவிடப் பெரிய புதிர் ஒன்றையும் அடுத்த வாரம் தொடப் போகிறோம். அமைச்சரின் பேனாவுக்கு எல்லாரும் அஞ்சினார்கள். 21(2) சட்டப் புத்தகத்தில் 35 ஆண்டு இருந்து, 1996-ன் சட்டத்தில் நீங்கியது. இன்று நாடு முழுவதும் எஞ்சியிருக்கும் தமிழ்ப் பள்ளிகள் 520-க்குச் சற்று மேல். மலாக்கா மாநிலத்தில் 21.

888 எப்படி 520 ஆனது? பேனாவை விட வேகமாகப் பள்ளிகளை மூடியது எது? அதற்கான முதல் தடயம் கல்வி அமைச்சின் கோப்பில் இல்லை. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற பத்திரங்களில் இருக்கிறது.

(தொடரும்)